பின்புல வலையமைப்புச் சேவைகளில் சார்பு உட்செலுத்தல் வழுநீக்கம்

சார்பு உட்செலுத்தல் என்பது ஒரு மென்பொருள் வகுப்பு தன் பணிக்குத் தேவையான பிற பொருட்களைத் தானே உருவாக்கிக்கொள்ளாமல், அவற்றை வெளியிலிருந்து பெற்றுக்கொள்ளும் வடிவமைப்பு முறை ஆகும். பின்புல வலையமைப்புச் சேவை என்பது பயனர் இடைமுகம் ஏதுமின்றி, ஒரு வழங்கியில் இடைவிடாது இயங்கி, வலையமைப்பு வழியாக வரும் செய்திகளைப் பெற்றுச் செயற்படுத்தும் நிரல் ஆகும். இவ்விரண்டும் ஒன்றுசேரும் இடத்தில் சில தனித்தன்மை வாய்ந்த வழுக்கள் தோன்றுகின்றன. அவற்றுள் பல, நிரலைத் தொகுக்கும்போது வெளிப்படுவதில்லை. சில, நிரலாளரின் கணினியிலும் வெளிப்படாமல், சேவை பயன்பாட்டுக்கு வந்து பல நாட்கள் கழிந்த பின்னரே தெரியவருகின்றன. இக்கட்டுரை அவ்வழுக்களையும், அவற்றின் காரணங்களையும், கண்டறியும் முறைகளையும் விளக்குகிறது. எடுத்துக்காட்டுகள் மைக்ரோசாஃப்டின் டாட் நெட் தளத்தைச் சார்ந்தவை. ஆயினும் அடிப்படைக் கருத்துகள் ஸ்பிரிங் போன்ற பிற சட்டகங்களுக்கும் பெரும்பாலும் பொருந்தும்.

வரலாறு

ஒரு வகுப்பு மற்றொரு வகுப்பை நேரடியாகச் சாராமல் ஓர் இடைமுகத்தையே சார்ந்திருக்க வேண்டும் என்னும் கருத்தை ராபர்ட் சி. மார்ட்டின் 1990களில் சார்பு தலைகீழாக்கக் கொள்கை என்ற பெயரில் முன்வைத்தார். சார்பு உட்செலுத்தல் என்ற சொல் பரவலாவதற்கு மார்ட்டின் ஃபவுலர் 2004 சனவரியில் வெளியிட்ட கட்டுரை முதன்மைக் காரணமாகும். ஆக்கி வழி உட்செலுத்தல், அமைப்பி வழி உட்செலுத்தல், இடைமுகம் வழி உட்செலுத்தல் என மூன்று வகைகளை அக்கட்டுரை பிரித்துக் காட்டியது. சாவா மொழிக்கான ஸ்பிரிங் சட்டகத்தின் 1.0 பதிப்பு 2004 மார்ச்சில் வெளியானது.

டாட் நெட் தளத்தில் வலையமைப்புச் சேவைகளை எழுதுவதற்கான டபிள்யூ.சி.எஃப். என்னும் சட்டகம், 2006 நவம்பரில் டாட் நெட் 3.0 பதிப்புடன் வெளியானது. அதில் சார்பு உட்செலுத்தல் உள்ளமைந்திருக்கவில்லை. சேவை வகுப்பின் ஆக்கி அளவுருக்கள் அற்றதாக இருக்க வேண்டும் என்பதே அதன் இயல்பான எதிர்பார்ப்பு. அளவுருக்கள் கொண்ட ஆக்கியை எழுதினால், சேவையை ஏற்ற இயலவில்லை என்ற பிழைச்செய்தி வரும். இதைத் தவிர்க்க, சேவைப் பொருளை உருவாக்கும் பொறுப்பைக் கொள்கலனிடம் ஒப்படைக்கும் தனி வகுப்புகளை நிரலாளர்கள் எழுத வேண்டியிருந்தது.

2016 சூனில் வெளியான டாட் நெட் கோர் 1.0 உடன், தளத்தின் பகுதியாகவே ஓர் எளிய கொள்கலன் வழங்கப்பட்டது. 2018 மே மாதத்தில் வெளியான 2.1 பதிப்பு, வலைத்தளம் அல்லாத நிரல்களும் இக்கொள்கலனைப் பயன்படுத்துவதற்கான பொது ஓம்புநரையும், பேக்கிரவுண்ட் சர்வீஸ் என்ற அடிப்படை வகுப்பையும் அறிமுகப்படுத்தியது. ஆக்கிக்கு அளவுருக்கள் இருக்கக்கூடாது என்ற பழைய தடை இவற்றால் நீங்கியது. ஆனால் பொருட்களின் வாழ்நாள் தொடர்பான புதிய சிக்கல்கள் முன்னுக்கு வந்தன.

அடிப்படைக் கருத்துகள்

கொள்கலன்

எந்த இடைமுகத்துக்கு எந்த வகுப்பு என்ற பட்டியலைப் பெற்றுக்கொண்டு, கேட்கும்போது உரிய பொருளை உருவாக்கித் தரும் நிரற்பகுதி கொள்கலன் எனப்படுகிறது. பட்டியலில் சேர்ப்பது பதிவுசெய்தல் என்றும், பொருளைக் கேட்டுப் பெறுவது தீர்த்தல் என்றும் வழங்கப்படும். ஒரு பொருளைத் தீர்க்கும்போது, அதன் ஆக்கி கேட்கும் பொருட்களையும், அவற்றின் ஆக்கிகள் கேட்கும் பொருட்களையும் கொள்கலன் வரிசையாக உருவாக்குகிறது. பதிவுசெய்தலும் தீர்த்தலும் இயக்க நேரத்தில் நிகழ்வதால், விடுபட்ட பதிவு ஒன்றைத் தொகுப்பியால் சுட்டிக்காட்ட இயலாது.

வாழ்நாள்

பதிவுசெய்யும்போது ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு வாழ்நாள் குறிப்பிடப்படுகிறது. டாட் நெட் கொள்கலனில் மூன்று வகைகள் உள்ளன.

- சிங்கிள்டன் அல்லது ஒற்றை வாழ்நாள்: நிரல் முழுமைக்கும் ஒரே ஒரு பொருள். நிரல் முடியும்வரை அது நீடிக்கும்.
- ஸ்கோப்டு அல்லது வரையெல்லை வாழ்நாள்: ஒரு வரையெல்லைக்குள் ஒரே பொருள். வரையெல்லை முடியும்போது அப்பொருளும் விடுவிக்கப்படும்.
- டிரான்சியன்ட் அல்லது தற்காலிக வாழ்நாள்: கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய பொருள்.

பின்புலச் சேவையின் தனித்தன்மை

வலைத்தள நிரல் ஒன்றில், உலாவியிலிருந்து வரும் ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் சட்டகமே ஒரு வரையெல்லையைத் திறந்து, விடை அனுப்பப்பட்டதும் மூடிவிடுகிறது. எனவே வலைத்தள நிரலாளர் வரையெல்லை என்ற ஒன்று இருப்பதையே உணராமல் பல ஆண்டுகள் பணியாற்றக்கூடும். பின்புலச் சேவையின் நிலை வேறு. அது நிரல் தொடங்கும்போது ஒருமுறை உருவாக்கப்பட்டு, நிரல் நிற்கும்வரை ஒரே மடக்கில் சுழன்றுகொண்டிருக்கும் ஒற்றை வாழ்நாள் பொருள் ஆகும். ஒரு வேண்டுகோள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதைச் சட்டகத்தால் அறிய முடியாது. அது நிரலாளருக்கு மட்டுமே தெரியும். ஆகவே வரையெல்லையைத் திறப்பதும் மூடுவதும் நிரலாளரின் பொறுப்பாகிறது. கீழே விளக்கப்படும் வழுக்களுள் பல, இந்தப் பொறுப்பு கைமாறியதைக் கவனிக்காததால் விளைபவை.

பொதுவான வழுக்கள்

விடுபட்ட பதிவு

ஒரு வகுப்பை உருவாக்க முனையும்போது குறிப்பிட்ட இடைமுகத்தைத் தீர்க்க இயலவில்லை என்ற பிழைச்செய்தி இதன் அடையாளம். செய்தியில் இரண்டு பெயர்கள் இருக்கும்: முதலாவது கிடைக்காத பொருள், இரண்டாவது அதைக் கேட்ட வகுப்பு. பதிவை மறந்துவிடுவது மட்டுமன்றி, வகுப்பின் பெயரில் பதிவுசெய்துவிட்டு இடைமுகத்தின் பெயரில் கேட்பதும் இப்பிழைக்குக் காரணமாகும். பின்புலச் சேவை நிரல் தொடங்கும்போதே உருவாக்கப்படுவதால், அதன் ஆக்கியில் உள்ள இவ்வகைப் பிழை உடனடியாக வெளிப்படும். அவ்வகையில் இது தீங்கு குறைந்த வழு.

இதன் ஒரு சிறப்பு வடிவமும் உண்டு. பின்புலச் சேவைக்கான சிறப்புக் கட்டளை மூலம் பதிவுசெய்யப்படும் வகுப்பு, ஓம்பப்படும் சேவை என்ற பொது இடைமுகத்தின் பெயரிலேயே பட்டியலில் சேர்கிறது. எனவே மற்றொரு வகுப்பு அதே சேவையை அதன் சொந்தப் பெயரில் கேட்டால் கிடைக்காது. இதை அறியாமல் சொந்தப் பெயரிலும் தனியாக ஒருமுறை பதிவுசெய்தால், இரண்டு வெவ்வேறு பொருட்கள் உருவாகும். ஒன்று சாக்கெட்டைத் திறந்து செய்திகளைப் பெற்றுக்கொண்டிருக்க, மற்றொன்று எப்போதும் வெறுமையாக இருக்கும். சொந்தப் பெயரில் ஒற்றைப் பொருளாகப் பதிவுசெய்து, ஓம்பப்படும் சேவைக்கான பதிவில் அதே பொருளைத் தீர்த்துத் தருவதே சரியான வழி.

சிறைப்பட்ட சார்பு

நீண்ட வாழ்நாள் கொண்ட பொருள், குறுகிய வாழ்நாள் கொண்ட பொருளைத் தன் ஆக்கியில் பெற்று வைத்துக்கொள்வது சிறைப்பட்ட சார்பு எனப்படுகிறது. இப்பெயரை மார்க் சீமன் 2014 இல் முன்மொழிந்தார். ஒரு செய்திக்கு மட்டும் வாழ வேண்டிய பொருள், சேவையின் பிடியில் சிக்கி நிரலின் இறுதிவரை வாழ நேர்கிறது.

வரையெல்லைச் சோதனை இயங்கும்போது, ஒற்றைப் பொருள் வரையெல்லைப் பொருளைப் பயன்படுத்த இயலாது என்று கொள்கலன் தெளிவாக அறிவிக்கும். ஆனால் பொது ஓம்புநரின் இயல்பான அமைவில், இச்சோதனை உருவாக்கச் சூழல் எனக் குறிக்கப்பட்ட இடத்தில் மட்டுமே இயங்குகிறது. சூழலின் பெயரைக் குறிப்பிடாவிட்டால் அது உற்பத்திச் சூழலாகவே கொள்ளப்படும். அங்கே பிழைச்செய்தி எதுவும் வராது. சேவை நன்றாகத் தொடங்கி, நன்றாக இயங்குவதாகவே தோன்றும்.

விடுவிக்கப்படாத தற்காலிகப் பொருட்கள்

விடுவிக்கப்பட வேண்டிய பொருள் ஒன்றைக் கொள்கலனே உருவாக்கினால், அதை விடுவிக்கும் பொறுப்பும் கொள்கலனுடையதே. அதற்காகக் கொள்கலன் அப்பொருளுக்கான சுட்டு ஒன்றை வைத்துக்கொள்கிறது. வரையெல்லையைத் திறக்காமல் மூலக் கொள்கலனிடமே தற்காலிகப் பொருட்களை மடக்கினுள் மீண்டும் மீண்டும் கேட்டால், நிரல் முடியும்வரை அவை அனைத்தும் நினைவகத்தில் தேங்கும். நினைவகப் பயன்பாடு ஒருபோதும் இறங்காமல் சீராக ஏறிக்கொண்டே இருப்பது இதன் அறிகுறி.

நீடித்து நிற்கும் வலையமைப்பு இணைப்புகள்

பிற வழங்கிகளுடன் பேசும் எச்.டி.டி.பி. வாங்கிப் பொருளை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்கி விடுவித்தால், மூடப்பட்ட இணைப்புகள் சிறிது நேரம் காத்திருப்பு நிலையில் நிற்பதால் கணினியின் துறை எண்கள் தீர்ந்துபோகலாம். இதைத் தவிர்க்க 2.1 பதிப்பில் ஒரு தொழிற்சாலை வகுப்பு சேர்க்கப்பட்டது. அது இணைப்புகளைக் கையாளும் உட்பொருளை இயல்பாக 2 நிமிடங்களுக்கு ஒருமுறை மாற்றுகிறது. ஆனால் தொழிற்சாலை தந்த வாங்கியைப் பின்புலச் சேவை தன் ஆக்கியில் பெற்று நிரந்தரமாக வைத்துக்கொண்டால், இந்த மாற்றம் அதைச் சென்றடையாது. மறுமுனை வழங்கியின் ஐ.பி. முகவரி மாறினாலும் சேவை பழைய முகவரிக்கே பேசிக்கொண்டிருக்கக்கூடும். தொழிற்சாலையை ஆக்கியில் பெற்று, தேவைப்படும்போது வாங்கியைக் கேட்பது ஒரு தீர்வு. இணைப்புகளின் வாழ்நாளுக்கு வரம்பிட்ட நீண்டகால வாங்கி ஒன்றைப் பயன்படுத்துவது மற்றொரு தீர்வு.

அமைதியாக நின்றுபோகும் சேவை

பின்புல மடக்கில் கையாளப்படாத விதிவிலக்கு ஏற்பட்டால், டாட் நெட் 6 பதிப்புக்கு முன்பு வரை அம்மடக்கு மட்டும் நின்றுவிடும், நிரல் தொடர்ந்து உயிருடன் இருக்கும். இயங்குதளத்தின் பார்வையில் சேவை இயங்கிக்கொண்டிருக்கும், ஆனால் செய்திகளைப் பெறுவோர் யாரும் இருக்கமாட்டார்கள். 2021 நவம்பரில் வெளியான 6 பதிப்பில் இது மாற்றப்பட்டது. இயல்பான அமைவில் விதிவிலக்கு பதிவேட்டில் எழுதப்பட்டு, ஓம்புநர் நிறுத்தப்படுகிறது. இங்கும் ஒரு நுட்பம் உண்டு. தோல்வியுற்ற சேவையை மீண்டும் தொடங்கும் விண்டோசின் மீட்பு அமைவு, நிரல் சுழியம் அல்லாத வெளியேறு குறியீட்டுடன் முடிந்தால்தான் செயற்படும். ஆகவே மீளமுடியாத பிழையின்போது அத்தகைய குறியீட்டுடன் வெளியேறுமாறு எழுதுவது நல்லது.

தொடக்கத்தைத் தடுக்கும் சேவை

பின்புலச் சேவைகள் இயல்பாகப் பதிவுசெய்த வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடங்கப்படுகின்றன. 2025 நவம்பரில் வெளியான டாட் நெட் 10 பதிப்புக்கு முன்பு, சேவையின் முதன்மைச் செயற்கூறில் முதல் ஒத்திசையாக் காத்திருப்பு வரையிலான பகுதி, தொடக்க இழையிலேயே இயங்கியது. அப்பகுதியில் சாக்கெட்டுக்காகத் தடுத்து நிற்கும் அழைப்பு இருந்தால், வரிசையில் அடுத்துள்ள சேவைகள் தொடங்கவே மாட்டா. இதைச் சார்பு உட்செலுத்தலின் பிழை எனத் தவறாகக் கருதி, பதிவுகளை மாற்றி மாற்றி எழுதிப் பார்ப்பது வழக்கம். 10 பதிப்பில் முதன்மைச் செயற்கூறு முழுவதும் தனிப் பணியாக இயங்குகிறது.

கிடைக்காத அமைவுக் கோப்பு

விண்டோசு சேவையாக நிறுவப்படும் நிரலின் நடப்புக் கோப்புறை, நிரல் இருக்கும் கோப்புறை அன்று, விண்டோசின் சிஸ்டம்32 கோப்புறையாகும். சார்புநிலைப் பாதையில் அமைவுக் கோப்பைத் தேடும் நிரல் அதைக் காணாமல், வெற்று மதிப்புகளுடன் பொருட்களை உருவாக்கும். பிழை கொள்கலனிலிருந்து வருவதாகத் தோன்றினாலும் காரணம் வேறு. விண்டோசு சேவைக்கான ஓம்புநர் நீட்சி, உள்ளடக்கக் கோப்புறையை நிரலின் இருப்பிடத்துக்கு மாற்றி இதைச் சரிசெய்கிறது.

எடுத்துக்காட்டு

சிறைப்பட்ட சார்பின் விளைவை ஒரு கற்பனை நிரல் மூலம் காணலாம். மழைமானிகளிலிருந்து டி.சி.பி. வழியாக வரும் அளவீடுகளைப் பெற்று, தரவுத்தளத்தில் சேமிக்கும் சேவை ஒன்று உள்ளது எனக் கொள்வோம். அது என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோர் நிரலகத்தின் தரவுச் சூழல் பொருளை ஆக்கியில் பெற்றுக்கொள்கிறது. ஒரு செய்தியைச் சேமிப்பதில் பிழை ஏற்பட்டால், அதைப் பதிவேட்டில் எழுதிவிட்டு அடுத்த செய்திக்குச் செல்லுமாறு மடக்கு எழுதப்பட்டுள்ளது.

ஒரு நாள் பழுதான மானி ஒன்று, தரவுத்தளத்தின் கட்டுப்பாட்டை மீறும் அளவீட்டை அனுப்புகிறது. சேமிப்பு தோல்வியுறுகிறது. ஆனால் அந்த அளவீடு, சேமிக்கப்பட வேண்டியது என்ற குறியுடன் தரவுச் சூழலின் கண்காணிப்புப் பட்டியலிலேயே தங்கிவிடுகிறது. அடுத்து வரும் சரியான அளவீட்டைச் சேமிக்கும்போது, பழைய அளவீடும் சேர்ந்தே அனுப்பப்படுகிறது. அதனால் அதுவும் தோல்வியுறுகிறது. அதன் பின்னர் வரும் ஒவ்வோர் அளவீடும் இவ்வாறே தோல்வியுறும். ஒரு மானியின் ஒரு தவறான எண்ணால், சேவையை மறுதொடக்கம் செய்யும்வரை எல்லா மானிகளின் அளவீடுகளும் இழக்கப்படுகின்றன. மறுதொடக்கம் செய்தால் சிக்கல் மறைந்துவிடுவதால், உண்மைக் காரணம் தேடப்படாமலேயே போய்விடவும் கூடும்.

தரவுச் சூழலை நேரடியாகப் பெறாமல், வரையெல்லைத் தொழிற்சாலையைப் பெறுவதே தீர்வாகும். தொழிற்சாலை ஒற்றை வாழ்நாள் கொண்டதாதலால் அதை வைத்துக்கொள்வதில் தவறில்லை. திருத்தப்பட்ட நிரலின் போலிக்குறிமுறை வருமாறு:

வகுப்பு மழைச்சேவை : பின்புலச்சேவை
　ஆக்கி (வரையெல்லைத்தொழிற்சாலை தொழிற்சாலை)
　இயக்கு:
　　நிறுத்தக் கட்டளை வரும்வரை
　　　செய்தி = சாக்கெட்டிலிருந்து படி
　　　வரையெல்லை = தொழிற்சாலையிடம் புதிதாகக் கேள்
　　　முயல்:
　　　　சூழல் = வரையெல்லையிடம் தரவுச்சூழலைக் கேள்
　　　　சூழலில் செய்தியைச் சேர்த்துச் சேமி
　　　பிழை எனில்:
　　　　பதிவேட்டில் எழுது
　　　இறுதியில்:
　　　　வரையெல்லையை விடுவி

இப்போது பழுதான அளவீடு தன் வரையெல்லையுடனேயே மறைந்துவிடுகிறது. அடுத்த அளவீடு புதிய தரவுச் சூழலைப் பெறுகிறது. வரையெல்லையை மடக்கின் உள்ளே திறப்பது இன்றியமையாதது. மடக்குக்கு வெளியே ஒருமுறை திறந்து வைத்தால், பிழைச்செய்தி மட்டும் நீங்கும், வழு அப்படியே இருக்கும்.

கண்டறியும் முறை

அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கிச் செல்லக் கீழ்வரும் வரிசை உதவும்.

1. பிழைச்செய்தியை முழுமையாகப் படித்தல். உள்ளடங்கிய விதிவிலக்குகள் இருந்தால், ஆக உள்ளே இருப்பதே பெரும்பாலும் உண்மைக் காரணம். ஒற்றைப் பொருளின் பெயராக ஓம்பப்படும் சேவை என்ற பொது இடைமுகம் மட்டும் காணப்பட்டால், அதே செய்தியில் நடைமுறைப்படுத்தும் வகுப்பின் பெயரைத் தேட வேண்டும்.
2. பிழை எப்போது நிகழ்கிறது என்பதைப் பார்த்தல். தொடக்கத்திலேயே நிகழ்ந்தால் பதிவையும், நெடுநேரம் கழித்து நிகழ்ந்தால் வாழ்நாளையும், குறிப்பிட்ட கணினியில் மட்டும் நிகழ்ந்தால் சூழலையும் அமைவுக் கோப்பையும் முதலில் ஐயுற வேண்டும்.
3. சேவையின் ஆக்கியிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு சார்பின் வாழ்நாளையும் ஒரு தாளில் மரவடிவில் எழுதுதல். ஒற்றை வாழ்நாளின் கீழே வரையெல்லை வாழ்நாள் எங்கேனும் வந்தால், அது சிறைப்பட்ட சார்பு.
4. உற்பத்தி அமைவுடன், வரையெல்லைச் சோதனையை மட்டும் இயக்கி, நிரலைச் சோதனைக் கணினியில் ஓட்டுதல்.
5. ஆக்கியிலும் விடுவிப்புச் செயற்கூறிலும் பதிவேட்டு வரி ஒன்றைச் சேர்த்து, பொருட்கள் எத்தனை முறை உருவாகின்றன, எத்தனை முறை விடுவிக்கப்படுகின்றன என்பதை ஒப்பிடுதல்.

தடுப்பு

2019 செப்டம்பரில் வெளியான டாட் நெட் கோர் 3.0 பதிப்பில், கொள்கலனைக் கட்டும்போதே எல்லாப் பதிவுகளையும் சரிபார்க்கும் வசதி சேர்க்கப்பட்டது. இதுவும் இயல்பாக உருவாக்கச் சூழலில் மட்டுமே இயங்கும். இதை எல்லாச் சூழல்களிலும் இயக்குவதற்கு ஆகும் செலவு, தொடக்க நேரத்தில் ஒரு சிறு தாமதம். நாட்கணக்கில் ஓடும் சேவைக்கு அது பொருட்படுத்தத்தக்கதன்று. எனினும் இச்சரிபார்ப்புக்கு எல்லைகள் உண்டு. செயற்கூறு வழியாக உருவாக்கப்படும் பொருட்களையும், மடக்கினுள் வரையெல்லையிடம் கேட்டுப் பெறப்படும் பொருட்களையும் அதனால் முன்கூட்டியே அறிய இயலாது. எனவே ஒரு செய்தியைத் தொடக்கம் முதல் இறுதிவரை செலுத்திப் பார்க்கும் ஒருங்கிணைப்புச் சோதனையும் தேவை. தவறான செய்தி ஒன்றை அனுப்பி, அதன் பின் சரியான செய்தி ஒன்றை அனுப்பும் சோதனை, மேலே கண்ட மழைமானி வழுவை உடனே காட்டிக்கொடுக்கும்.

மாற்றுக் கருத்துகள்

ஆக்கியில் பெறாமல் கொள்கலனிடம் நேரடியாகக் கேட்டுப் பெறுவது சேவை இருப்பிடங்காட்டி எனப்படுகிறது. இது ஒரு வகுப்பின் உண்மையான சார்புகளை மறைத்துவிடுகிறது என்று பல வடிவமைப்பாளர்கள் இதைத் தவிர்க்கச் சொல்கின்றனர். பின்புலச் சேவையின் மடக்கில் வரையெல்லையிடம் பொருளைக் கேட்பதும் புறத்தோற்றத்தில் இதுவே. இதைக் குறைக்க, ஒரு செய்தியைச் செயற்படுத்தும் பணி முழுவதையும் தனி வகுப்பாக எழுதி, அவ்வகுப்பை மட்டும் வரையெல்லையிடம் கேட்கலாம். மற்றச் சார்புகள் அனைத்தும் அவ்வகுப்பின் ஆக்கியில் வெளிப்படையாக இருக்கும். மடக்கைக் காக்கும் வகுப்பு சிறியதாகவும், சாக்கெட் இன்றியே சோதிக்கத்தக்க வகுப்பு தனியாகவும் அமைவது இதன் கூடுதல் நன்மையாகும்.

இவற்றையும் பார்க்க

- பொருள் நோக்கு நிரலாக்கம்
- வடிவமைப்புத் தோரணம்
- வாங்கி-வழங்கி மாதிரி
- நினைவகக் கசிவு
- மென்பொருள் சோதனை